மூன்றாம் அழுகை

1

பெரிய வெள்ளிக்கென்று இந்த ஊரில் ஒரு ரொட்டி உண்டு. உள்ளே காய்ந்த திராட்சை, மேலே மாவால் போட்ட சிலுவை. பெரிய வெள்ளியன்று தின்ன வேண்டியது. ஆனால் கிறிஸ்துமஸ் மரங்களைத் தெருவில் தூக்கிப் போட்ட மறுவாரமே கடையில் அடுக்கிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் தின்று தீர்த்துவிட்டு, உண்மையான பெரிய வெள்ளி வரும்போது அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கிலாந்துக்கு வந்த புதிதில் இதைப் பார்த்துச் சிரித்தேன். இப்போது என் மகள் லீனா பொங்கல் வாரத்திலேயே அதில் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் ராயபுரத்தில் அன்று காலையில் அடுப்பு எரியாது. பெரியவர்கள் வாயில் பச்சைத் தண்ணீர் படாது. மூன்று மணி வழிபாடு முடிந்து கோயிலில் கஞ்சி ஊற்றினால் உண்டு. அதற்கு முன்னால், முற்பகலில், எங்கள் தெருவில் பிரசங்கம்.

பிரசங்கம்தான் எனக்கு இங்கே பிழைப்பும். நானூறு வருஷத்துக்கு முந்திய ஆங்கிலப் பிரசங்கங்களை இலக்கியமாகவும், நிகழ்த்திக் காட்டிய கலையாகவும் படிப்பது, படித்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது. இதை ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது என்று போன் செய்தபோது சூசை அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். என்னைவிடப் பெரியவர். எனக்கு அப்பா ஸ்தானத்தில் இருந்தவர்.

“இன்னாது, பிரசங்கமா? நம்ம சாமியாரு வாயத் தெறந்தாலே என் தோள்ல தூங்கற ஆளு நீ. அத்தப் படிக்க ஏரோப்ளேன் ஏறிப் போறியா?”

“இது வேற பிரசங்கம்ண்ணே.”

“வேறன்னா இன்னா? அதுலயும் கடசில சாமி செத்துத்தான போறாரு?”

இந்த வருஷப் பெரிய வெள்ளியன்று என் சமையலறை மேசையில் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இங்கே இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஆளில்லை.

2

எங்கள் தெருமுனையில் ஒரு கெபி இருக்கிறது. குகை போலக் கட்டி உள்ளே மாதா சுரூபம் வைத்த சின்ன இடம். அதன் முன்னால் நீலத் தார்ப்பாய் கட்டி, பாய் விரித்து, ஒரு நாற்காலியும் மைக்கும் போடுவார்கள். ஆண்டவர் பாடுபட்டு இறந்ததைச் சொல்லும் பழைய பிரசங்கம் ஒன்று உண்டு. எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்த பாதிரியார் தமிழ் கற்றுக்கொண்டு எழுதியது என்பார்கள். ஓலையில் இருந்து அச்சுக்கு வந்து, அந்த அச்சும் பழசாகி, ஓரமெல்லாம் பொடிந்துபோன புத்தகம். அதைச் சாமியார் வாசிக்க மாட்டார். தெருக்காரர் ஒருவர்தான் வாசிப்பார். அப்பா வாசித்தார். அவருக்குப் பிறகு அண்ணன்.

அண்ணனுக்குத் திருவொற்றியூர்ப் பக்கம் கண்டெய்னர் யார்டில் வேலை. வரும் பெட்டி, போகும் பெட்டி நம்பரையெல்லாம் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். பின்னால் லாரி உறுமும், கிரேன் அலறும், அதற்கு மேலே அவர் குரல் கேட்கும். அந்தக் குரலைப் பெரிய வெள்ளியன்று பாதியாகக் குறைத்துக்கொள்வார். குறைத்துப் பேசினால்தான் ஜனம் கிட்டே வந்து உட்காரும் என்பது அவர் கணக்கு.

அந்தப் பிரசங்கத்தில் மூன்று இடத்தில் நிறுத்த வேண்டும். கல்தூணில் கட்டி அடிக்கும்போது முதல் அழுகை. ஆணி அறையும்போது இரண்டாம் அழுகை. செத்த மகனை இறக்கித் தாய் மடியில் கிடத்தும்போது மூன்றாம் அழுகை. அந்த இடம் வந்ததும் அண்ணன் புத்தகத்தில் ஒரு விரலை வைத்து மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வார். ஜனம் அழும். மாதாவுக்காகத் தொடங்கும் அழுகை கொஞ்ச நேரத்தில் அவரவர் வீட்டுக்குப் போய்விடும். கடலுக்குப் போய்த் திரும்பாதவன், குடித்துச் செத்தவன், லாரியில் அடிபட்டவன், பிறந்த வாரமே போன குழந்தை என்று எல்லாருக்காகவும் அன்றைக்குத்தான் அழுது தீர்ப்பார்கள்.

எப்போது மறுபடி தொடங்குவது? அது வாசிக்கிறவர் கையில் இல்லை. அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டுப் பெண் ஒருத்தியை முன்வரிசையில் உட்கார வைத்திருப்பார்கள். அவள் அழுது ஓய்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, “வாசி நைனா” என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் விரலை எடுக்கலாம். ஒரு வருஷம் மகனைக் கடலில் விட்ட ஒருத்தி மூன்றாம் அழுகையில் நெடுநேரம் சொல்லவேயில்லை. மூன்று மணி வழிபாட்டுக்குக் கோயிலில் மரக்கட்டை தட்டிவிட்டார்கள், அன்றைக்கு மணி அடிக்கக்கூடாது. கோயிலிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். அண்ணன் அசையவில்லை.

“கழுத்து வலிக்கலையாண்ணே?” என்று அப்புறம் கேட்டேன்.

“வலிச்சிது. அதுக்கு? பெத்தவ அழறப்ப நடுவுல பூந்து வாசிச்சா நான் மன்சனா?”

3

என் வகுப்பில் ஒரு மணற்கடிகாரம் வைத்திருக்கிறேன். அந்தக் காலத்துப் பிரசங்க மேடைகளில் அப்படி ஒன்று இருக்கும். மணல் தீர்ந்தால் பிரசங்கி அதைத் திருப்பி வைத்துவிட்டு மேலே பேசுவாராம். ஜனம் மகிழ்ந்ததா, தலையில் அடித்துக்கொண்டதா என்பது ஊரைப் பொறுத்தது. பிள்ளைகளைத் தோட்டத்துக்கு இழுத்துப் போய் ஆளுக்கு ஒரு பக்கம் உரக்க வாசிக்கச் சொல்வேன். காற்றில் பாதி பறந்துவிடும். அப்போதுதான் அந்தப் பிரசங்கிகள் ஒரே விஷயத்தை ஏன் மூன்று விதமாகச் சொன்னார்கள் என்று அவர்களுக்கு உறைக்கும். காகிதத்தில் அலங்காரமாகத் தெரிவது வெட்டவெளியில் பிழைக்கும் வழியாக இருந்திருக்கிறது.

எங்களிடம் இருப்பதெல்லாம் காகிதம்தான். பேசி முடித்த பிறகு பிரசங்கி திருத்தி எழுதியது, அல்லது கூட்டத்தில் ஒருவர் சுருக்கெழுத்தில் கிறுக்கிக்கொண்டது. பிடித்த இடத்தில் ஜனம் வாய் மூடியபடி ‘ம்ம்’ என்று ஆமோதிக்குமாம். பிரசங்கி நிறுத்திக் காத்திருப்பாராம், சிலர் கையமர்த்துவார்களாம். அச்சில் அதெல்லாம் கிடையாது. ஒரு வாக்கியம் முடிந்து அடுத்த வாக்கியம் ஆரம்பிக்கிறது. நடுவில் ஊரே மூச்சு விட்டிருக்கும்.

என் ஆய்வேட்டில் இந்த நடுவைப் பற்றித்தான் ஓர் அத்தியாயம். நேர்முகத்தில் தேர்வாளர், “நன்றாக இருக்கிறது, ஆதாரம் எங்கே?” என்றார். ராயபுரத்தில் இருக்கிறது என்று சொல்ல நாக்கு துடித்தது. அடிக்குறிப்பில் ராயபுரத்தை எப்படிப் போடுவது என்று தெரியவில்லை, போடவில்லை. அத்தியாயத்தைச் சுருக்கச் சொன்னார்கள். சுருக்கினேன்.

இப்போது என் பாடத்தையே சுருக்குகிறார்கள். மறுசீரமைப்பு என்று பெயர். போன வருஷம் வகுப்பில் ஒரு மேசை நிறைய ஆள் இருந்தார்கள். இந்த வருஷம் மேசையின் ஒரு பக்கம்தான். அடுத்த வருஷத்திலிருந்து பிரசங்கம் கிடையாது. வணிகம் படிக்கும் பிள்ளைகளுக்குத் திரையில் படம் காட்டிப் பேசுவது எப்படி என்று நான் சொல்லித்தர வேண்டும். வேலை போகவில்லையே என்று சக ஆசிரியர்கள் வாழ்த்தினார்கள். வள்ளுவர் சொன்ன யானை பிழைத்த வேல் ஏந்தவா நான் இங்கே வந்தேன், முயல் விழுந்தால்கூடப் போதும் என்றுதானே இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை மொழிபெயர்த்துச் சிரிக்க வைக்கவும் முடியாது.

4

போன வருஷம் தை மாதத்தில் அண்ணன் தொண்டை கட்டியது. கட்டியது விடவில்லை. பீடி, சிகரெட் தொடாத மனுஷன். யார்டுத் தூசி என்றார்கள், பரம்பரை என்றார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்து, குரல்வளையை அகற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

“ஈஸ்டர் முடிஞ்சிதான் கத்தி வெக்கணும்னு சொல்ட்டேன்,” என்றார் அண்ணன். கரகரப்பில் பாதி எழுத்துதான் கேட்டது. “இந்த ஒரு தபா வாசிச்சிட்றேன். அப்பால எத்த வேணா எடுத்துக்கட்டும்.”

“டாக்டர் இன்னா சொன்னாரு?”

“திட்னாரு. திட்டட்டும்.”

எனக்குப் போக வேண்டும். அந்தக் குரல் கடைசியாக ஒரு தடவை வாசிப்பதை உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆனால் அந்த மாதம்தான் நானும் லீனாவும் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தோம். முடிவு வரும் முன் நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பத்தை நாமே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். லீனா வளர்ந்தது இங்கே. அவள் அப்பா எங்களை விட்டுப் போனதும் இங்கே. அவளுக்கு வேறு ஊர் கிடையாது. குடிவரவு அலுவலகத்துக்குப் போன் செய்து அண்ணன் நிலையைச் சொன்னேன். போனை எடுத்த பெண் மிக வருந்தினாள். இந்த நாட்டில் முடியாது என்று சொல்வதற்கென்றே ஒரு கனிவான குரல் வைத்திருக்கிறார்கள். அந்தக் குரலில் அவள் முடியாது என்றாள்.

அதனால் அண்ணன் மகள் ஜாஸ்மினிடம் சொன்னேன். தண்டையார்பேட்டையில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் கடையில் வேலை செய்கிறாள். கெட்டிக்காரி.

“போன்ல முழுசாப் பதிவு பண்ணும்மா. ஆரம்பத்துலேந்து கடசி வரிக்கும். ஒண்ணுகூட உடாத.”

“நான் பாத்துக்கறேன் அத்தை. நீ பேஜாராவாத.”

உயிர்த்த ஞாயிறன்று அனுப்பி வைத்தாள். காதில் மாட்டிக்கொண்டு குளக்கரை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். அண்ணன் குரல், அவ்வளவு தெளிவாக, பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு மட்டும் சொல்வது போல. கல்தூணில் கட்டினார்கள். அடித்தார்கள். அண்ணன் நிறுத்தினார்.

ஒன்றுமில்லை. கடல் இல்லை, காக்கை இல்லை, மனுஷர் இல்லை. போன் பழுதாகிவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். பிறகு அண்ணன் மறுபடி வாசித்தார்.

உடனே ஜாஸ்மினைக் கூப்பிட்டேன்.

“கேட்டியா அத்தை? எப்டி கீது?”

“அழுகை எங்கடி?”

“எந்த அழுகை?”

“ஜனங்க அழுவாங்கள்ல. ‘வாசி நைனா’ன்னு சொல்லுவாங்கள்ல. அது எங்க?”

“அத்தெல்லாம் தூக்கிட்டேன் அத்தை. ஒரே எரைச்சல். லாரி ஹாரனு, நாயி, பின்னால கெழவிங்கோ மூக்கு சிந்தறது, கலீஜா இருந்துச்சி. அப்பா கொரல மட்டும் தனியா பிரிச்சி எடுத்து, இருமலையும் தொடச்சிட்டேன். ஸ்டுடியோல பேசின மாரி இல்ல?”

“முதல்ல எடுத்தது இருக்கா?”

“போன் ரொம்பிடிச்சி. டெலீட் பண்ட்டேன். ஏன் அத்தை?”

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. எந்தப் பிரசங்கத்தின் அழுகையும் யாரிடமும் மிச்சமில்லை என்று நான் அத்தியாயம் எழுதியவள். ஒரே ஒரு பிரசங்கத்தின் அழுகை, கையெட்டும் தூரத்தில், போன் நிறைந்துவிட்டது என்பதற்காகப் போயிற்று. அதற்கு மேல், இருமலையும் துடைத்திருக்கிறாள். அவள் அப்பனின் கடைசி இருமல் அது. ஆனால் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து அவள் செய்த வேலை. அப்பன் குரல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று செய்திருக்கிறாள்.

“நல்லாக் கீதும்மா,” என்றேன்.

5

அறுவைக்குப் பிறகு அண்ணனும் நானும் தட்டிப் பேசினோம். ஆமென்றால் போனில் ஒரு தட்டு, இல்லையென்றால் இரண்டு. “சாப்ட்டியாண்ணே?” தட்டு. “வலிக்குதா?” தட்டு தட்டு. அது பொய் என்று ரெஜினா அண்ணி பின்னாலிருந்து சொல்வாள். லீனா ஒருநாள் ஆங்கிலத்தில், “மாமாவிடம் ஆமாம் இல்லை கேள்வி மட்டும்தான் கேட்கலாமா?” என்றாள். அவளுக்கும் அண்ணனுக்கும் முன்பு பேச்சே அவ்வளவுதான். அவள் தமிழும் அவர் ஆங்கிலமும் அந்த அளவில்தான் இருந்தன. அதனால் குரல் போனபின் அவர்கள் இருவரும்தான் சகஜமாகப் பேசிக்கொண்டார்கள். எனக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை.

ஆவணியில் போய்விட்டார். காசிமேட்டுக் கல்லறையில் குழிக்குள் இறக்குவதை ஜாஸ்மின் போனில் காட்டினாள். நடுவில் படம் நின்றது. திரும்ப வந்தபோது மண் மூடியிருந்தது. முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரத்தில் வசிப்புரிமை வந்தது. மின்னஞ்சலின் முதல் வார்த்தை ‘வாழ்த்துகள்’.

கிறிஸ்துமசுக்குப் போனேன். அண்ணி சோறு போட்டாள். அண்ணனின் செருப்பு கதவோரம் அப்படியே இருந்தது. பிரசங்கப் புத்தகம் தலையணை உறையில் சுற்றி டிவி மேலே இருந்தது. இனி யார் வாசிப்பார்கள் என்று கேட்டேன்.

“யாரு வாசிச்சா எனக்கு இன்னா,” என்றாள் அண்ணி. “நான் குந்தணும்ல முன்னால. அதான் எனக்கு ரோசனையா கீது.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வருஷம் சாவு வீடு எங்கள் வீடு. ‘வாசி’ என்று சொல்ல வேண்டியவள் அண்ணி.

6

தெருவில் இரண்டு பையன்களை வாசிக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். பழைய தமிழ் வாயில் நுழையவில்லை. ஒருவன் பாதியில் சிரித்துவிட்டானாம். தவக்காலம் பாதி போனபிறகு தெருச் சங்கத்தில் கூடி, அண்ணனின் பதிவையே போடுவது என்று முடிவு செய்துவிட்டார்கள். ஜாஸ்மின் எனக்கு அதைப் பெருமையாகச் சொன்னாள். அத்தையின் யோசனையால்தான் அப்பா குரல் மிஞ்சியது என்று எல்லாரிடமும் சொன்னாளாம்.

நான் போக முடியவில்லை. லீனாவுக்குப் பொதுத்தேர்வு. பெரிய வெள்ளியன்று விடிகாலையிலேயே எழுந்து சமையலறை மேசையில் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தேன். அங்கே முற்பகல். ஜாஸ்மின் அண்ணியின் போனை, அவள் வீடியோ எடுக்கும் முக்காலியில் மாட்டி, மைக்கருகே எல்லாம் தெரிகிற மாதிரி நிறுத்தியிருந்தாள். பதிவு அவள் போனில் இருந்தது. அதிலிருந்து ஒயர் போட்டு, மைக்செட் கரீம் பாய் கூம்பு ஸ்பீக்கருக்குக் கொடுத்திருந்தார். வருஷா வருஷம் எங்கள் பிரசங்கத்துக்கு மைக் போடுபவர் அவர்தான். வாடகை வாங்க மாட்டார். அண்ணனுக்கு தோஸ்து.

நாற்காலியில் யாரும் இல்லை. அதன்மேல் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். முன்வரிசையில் அண்ணி, முக்காட்டுடன்.

அண்ணன் குரல் கூம்பில் வந்ததும் தெரு அடங்கிப்போனது. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவள் கைத்துணியோடு அப்படியே நின்றாள். லீனா தூக்கம் கலையாமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு சிலுவை ரொட்டியை வெட்டி வாட்டும் பெட்டியில் போட்டாள்.

கல்தூண் வந்தது. அண்ணன் நிறுத்தினார். ஜனம் அழுதது. எந்த வருஷத்தையும்விட அதிகமாக. மாதாவுக்கும் தத்தம் வீட்டுக்கும் போக, இந்த வருஷம் குரலுக்காகவும் அழுதார்கள். ஆனால் பதிவில் இருந்த இடைவெளி போன வருஷத்து அழுகையின் நீளம். அது தீர்ந்ததும் அண்ணன் மேலே வாசிக்க ஆரம்பித்துவிட்டார். அழுதுகொண்டிருந்த ஜனத்தின் தலைக்கு மேலே, தன் பாட்டுக்கு. அண்ணி ‘வாசி’ என்று சொல்வதற்கு வாயைத் திறக்கக்கூட இல்லை. பெண்கள் திகைத்து, அழுகையைப் பாதியில் விழுங்கிக்கொண்டு முகத்தைத் துடைத்தார்கள்.

இரண்டாம் அழுகையிலும் அப்படித்தான். அண்ணி பாதி எழுந்து கையை நீட்டினாள். யாரைத் தடுக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பின்னாலிருந்து ஒரு கிழவி உரக்கச் சொன்னாள். “இன்னா இவன், அழக்கூட வுட மாட்டேன்றான்?”

அண்ணனை ஒருவர் அப்படிச் சொல்லிக் கேட்பேன் என்று நான் நினைத்ததில்லை. கழுத்து வலிக்க வலிக்கக் காத்திருந்த மனுஷன். இறங்கிப் போய் அந்தக் கிழவியின் கையைப் பிடித்து, அது அவர் இல்லை என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. போனைப் பிடித்தேன்.

“யம்மா ஜாஸ்மினு,” என்று கரீம் பாய் குரல் கேட்டது. “போன் உங்கைலதான கீது? அடுத்த தபா நிறுத்திக் குடு.”

ஜாஸ்மின் தலையாட்டினாள். போன் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

மகனை இறக்கினார்கள். தாய் மடியில் கிடத்தினார்கள். அண்ணன் நிறுத்தினார், ஜாஸ்மின் அழுத்தினாள்.

இப்போது யாரும் அவசரப்படுத்தவில்லை. எனக்கும் அழுகை வந்தது. மேசையில் தலையை வைத்து அழுதேன். லீனா என் முதுகில் கை வைத்தாள், தட்டிக்கொடுப்பதா கூடாதா என்று தெரியாத கை. நான் தலை தூக்கியபோது தெருவில் அழுகை அடங்கியிருந்தது. எல்லாரும் அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி சொல்லவில்லை.

“ரெஜினா, சொல்லும்மா,” என்று யாரோ சொன்னார்கள். அண்ணி கூம்பைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தைப் பார்த்தாள். அவள் அழவும் இல்லை. கரீம் பாய் தொப்பியைக் கழற்றித் தரையைப் பார்த்தபடி நின்றார்.

ஜாஸ்மின் முக்காலியருகே வந்து குனிந்தாள். “அத்தை, அம்மா சொல்லவே மாட்டேன்து. இன்னா பண்றது?”

“கேட்டுப் பாரு.”

“கேட்டேன். தலைய ஆட்டுது. ஜனமெல்லாம் குந்திக்கினு கீது அத்தை.” கொஞ்சம் யோசித்தாள். “நீ சொல்லேன். நீயும் சாவு வூடுதான? மைக்க இப்டி திருப்பி வெக்கிறேன். நீ சொன்னா போட்டுட்றேன்.”

மைக்கை இழுத்துப் போனருகே வைத்துவிட்டாள். இரண்டு கண்டத்துக்கு அப்பால் என் மூச்சு எங்கள் தெருவில் கூம்பு வழியாகக் கேட்டது. எனக்கே அது திரும்ப வந்து கேட்டது. ஜனம் போனைப் பார்த்துத் திரும்பியது.

ஒரு வார்த்தை. மூன்றாம் அழுகைக்குப் பிறகு அந்தப் பிரசங்கத்தில் அதிகம் கிடையாது. கல்லறைக்குக் கொண்டு போவார்கள், கல்லைப் புரட்டி மூடுவார்கள், ஒரு ஜெபம், ஆமென். எனக்கு மனப்பாடம். சொன்னால் அண்ணன் வாசிப்பார். வாசித்து முடித்துவிடுவார். அவ்வளவுதான், அவர் சொல்வதற்கு அதற்கு மேல் ஒன்றுமில்லை. அண்ணிக்கு இது என்னைவிட முன்னாலேயே தெரிந்துவிட்டது. நாளைக்கு அதே பதிவை ஆயிரம் தடவை போட்டுக் கேட்கலாம், அது வேறு. இன்றைக்கு, ஜனத்தின் முன்னால், நம் அனுமதி கேட்டுக் காத்திருக்கும் இந்த மனுஷன் அப்படிக் காத்திருப்பது இதுதான் கடைசி.

வாயைத் திறந்தேன். பிரசங்கம் பற்றி எத்தனையோ அரங்கில் பேசிய வாய். மூடிக்கொண்டேன்.

அண்ணி திரையைப் பார்த்தாள். நான் சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையில் ஒருவர் எழுந்து செருப்பைத் தேடினார். அவரைப் பார்த்து இன்னொருவர். யாரும் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. யாரும் ஆறுதலும் சொல்லவில்லை. கோயிலில் கட்டை தட்டினார்கள். பாய்களைச் சுருட்டினார்கள், அண்ணி உட்கார்ந்திருந்த பாயைத் தவிர. எங்கள் தெருப் பிரசங்கம் ஆமென் சொல்லாமல் நின்றது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. அடுத்த வருஷம் யார் வாசிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. யாரும் வாசிக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

“படம் நின்னுடுச்சா?” என்று லீனா ஆங்கிலத்தில் கேட்டாள்.

நிற்கவில்லை. அண்ணியின் முந்தானை கடற்காற்றில் அசைந்துகொண்டிருந்தது.

“ரெஜினா அத்தை எதுக்காக இன்னும் உட்கார்ந்திருக்காங்க?”

“மாமா இன்னும் முடிக்கல,” என்றேன் தமிழில்.

புரிந்ததா என்று தெரியவில்லை. வாட்டி ஆறிப்போன ரொட்டியில் வெண்ணெய் தடவி, ஒரு தட்டில் வைத்து, என் பக்கம் தள்ளினாள். அன்றைக்கு நான் எதுவும் தின்னக்கூடாது என்பது அவளுக்கு நினைவில் இல்லை. எடுத்துத் தின்றேன்.